கார் டிக்கியில் சப்வூஃபர்: மூடிய பெட்டியா, போர்ட் வைத்த பெட்டியா?

திருப்பதி: காரில் சப்வூஃபர் பொருத்த விரும்புவோர் பெரும்பாலும் ஸ்பீக்கரின் அளவையும் வாட் எண்ணையும் பார்த்தே முடிவெடுக்கின்றனர். ஆனால், காதில் விழும் ஒலியைத் தீர்மானிப்பதில் ஸ்பீக்கருக்கு இணையான பங்கு அது அடைக்கப்படும் மரப்பெட்டிக்கும் உண்டு. சித்தூர், திருப்பதி பகுதிகளில் அன்றாட வேலைக்கும், குடும்பத்துடன் திருமலை செல்வதற்கும் ஒரே சிறிய காரைப் பயன்படுத்தும் வீடுகள் பல. அத்தகையோர் பெட்டித் தேர்வில் தவறினால், பணத்துடன் டிக்கி இடமும் வீணாகும்.

பெட்டி எதற்கு?

சப்வூஃபரின் கூம்பு முன்னே நகரும்போது முன்புறக் காற்று அழுத்தப்படுகிறது. அதே கணத்தில் பின்புறக் காற்று விரிகிறது. இரண்டும் கலந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 8.5 மீட்டர் என்பதால் சிறிய பலகையால் இதைத் தடுக்க முடியாது. எனவே பின்புற ஒலியை அடைத்து வைக்க வேண்டும், அல்லது திருப்பிப் பயன்படுத்த வேண்டும்.

அடைத்து வைப்பது சீல்டு பாக்ஸ் எனப்படும் மூடிய பெட்டி. உள்ளே சிறைப்பட்ட காற்றையே ஸ்பிரிங்காகப் பயன்படுத்தும் முறையை, 1954-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் எட்கர் வில்ச்சர் சந்தைக்குக் கொண்டு வந்தார். இதில் கூம்பு கட்டுக்குள் இயங்குவதால் தவில், பறை, மிருதங்கம் ஆகியவற்றின் அடி இழுபடாமல் நின்று முடியும். 12 அங்குல ஸ்பீக்கருக்குப் பொதுவாக 1 கன அடி, அதாவது சுமார் 28 லிட்டர் கொள்ளளவு போதும்.

திருப்பிப் பயன்படுத்துவது போர்ட் வைத்த பெட்டி. பெல் ஆய்வகத்தின் ஆல்பர்ட் துராஸ் இதற்கு 1932-இல் காப்புரிமை பெற்றார். குடத்தின் வாயில் ஊதினால் ஒரு குறிப்பிட்ட சுருதி எழுவதைப் போல, குழாயிலுள்ள காற்று ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் அதிர்ந்து ஒலியைக் கூட்டுகிறது. அந்த அதிர்வெண்ணை ஒட்டி சுமார் 3 டெசிபல் கூடுதலாகக் கிடைக்கும். மூடிய பெட்டியில் அதே அளவை எட்ட ஆம்ப்ளிஃபையரின் சக்தியை இரட்டிப்பாக்க வேண்டும். இதற்கு ஈடாக, பெட்டி ஏறத்தாழ இருமடங்கு பெரிதாகும். குழாயின் அதிர்வெண்ணுக்குக் கீழே கூம்புக்குக் காற்றின் பிடி இல்லாமல் போவதால், சப்சானிக் ஃபில்டர் இல்லாத ஆம்ப்ளிஃபையருடன் இணைத்தால் ஸ்பீக்கரே சேதமடையலாம்.

காருக்குள் மாறும் கணக்கு

மூடிய பெட்டியின் ஒலி, அதன் ஒத்ததிர்வு அதிர்வெண்ணுக்குக் கீழே ஒவ்வொரு ஆக்டேவுக்கும் 12 டெசிபல் குறையும். வீட்டுக் கூடத்தில் இது பெரிய குறை. ஆனால் காரின் உட்புறம் சிறியது. அதன் நீளம் ஒலியின் அரை அலைநீளத்தை விடக் குறையும்போது, உள்ளே அழுத்தம் கூடத் தொடங்குகிறது. 2.5 மீட்டர் நீளமுள்ள உட்புறத்தில் இது 70 ஹெர்ட்ஸ் அருகே தொடங்கி, கோட்பாட்டளவில் ஆக்டேவுக்கு 12 டெசிபல் வரை உயரும். கண்ணாடி, தகடு வழியாக ஒரு பகுதி கசிந்தாலும், பெட்டியில் இழந்ததில் பெரும்பங்கை கார் திருப்பித் தருகிறது. ஹோம் தியேட்டர் அனுபவத்தை வைத்துக் காருக்குப் பெட்டி வாங்குவது பொருந்தாததற்கு இதுவே காரணம். பலர் எண்ணுவதை விட, சிறிய ஹேட்ச்பேக் கார்களுக்கு மூடிய பெட்டியே ஏற்றது.

மின்சாரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். 500 வாட் ஆர்.எம்.எஸ். ஆம்ப்ளிஃபையர் முழு வீச்சில் சுமார் 45 ஆம்பியர் இழுக்கும். அமரான் பேட்டரிகளைத் தயாரிக்கும் அமர ராஜா நிறுவனம் திருப்பதியை அடுத்த கரகம்பாடியில்தான் உள்ளது. எனினும், எவ்வளவு நல்ல பேட்டரியும் இயந்திரம் நின்றிருக்கும்போதுதான் சுமையைத் தாங்குகிறது. ஓடும்போது அந்தச் சுமை ஆல்டர்னேட்டருக்கு உரியது. அதற்கு இடமில்லாத கார்களில் குறைந்த சக்தியில் அதிக ஒலி தரும் போர்ட் பெட்டிக்கு மதிப்புக் கூடுகிறது.

பேண்ட்பாஸ் பெட்டி ஒரு குறுகிய அதிர்வெண் வரம்பில் மட்டுமே முழங்கும். பெட்டியே இல்லாத ஃப்ரீ ஏர் முறைக்கு டிக்கியும் உட்புறமும் முற்றிலும் பிரிந்திருக்க வேண்டும் என்பதால், அது செடான் கார்களுக்கே பொருந்தும்.

வாங்கும் முன்

ஸ்பீக்கருடன் வரும் தாளில் எஃப்எஸ், க்யூஇஎஸ் என்ற இரு எண்கள் இருக்கும். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் விடை 50 அல்லது அதற்குக் கீழ் வந்தால் மூடிய பெட்டி. 100-ஐ ஒட்டி வந்தால் போர்ட் பெட்டி. இடையில் வந்தால் இரண்டும் இயலும். இத்தாள் இல்லாத ஸ்பீக்கருக்குப் பெட்டி செய்வது, அளவெடுக்காமல் சட்டை தைப்பதற்குச் சமம்.

எம்டிஎஃப் பலகை ஈரத்தில் ஊதிவிடும். வடகிழக்குப் பருவமழையில் நனையும் இப்பகுதியில் பெட்டியின் விளிம்புகளுக்கும் வண்ணப்பூச்சு தேவை. பெட்டியை எளிதில் கழற்றும்படி பொருத்துவதும் நல்லது. திருமலைப் பயணத்தில் டிக்கி முழுவதும் உடைமைகளுக்கே வேண்டியிருக்கும்.

ஒலி மாசு விதிகள், 2000-இன்படி குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபலும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபலும் வரம்பாகும். தாழ்ந்த அதிர்வெண் ஒலி கார் தகட்டை ஊடுருவும் என்பதால், கண்ணாடியை ஏற்றிவிட்டாலும் தெருவில் அது கேட்கும்.