ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

(இரண்டாம் ஆண்டு, இளமறிவியல் – இயற்பியல்)

“ஆற்றில் போட்டாலும் அளந்து போடு” என்பது நம் முன்னோர் மொழி. வீணே ஆற்றில் கொட்டுகிற பொருளாயினும், எவ்வளவு கொட்டினோம் என்ற கணக்கு வேண்டும் என்பது இதன் கருத்து. ஆய்வுக்கூடத்தில் நாம் முதன்முதலில் கற்பதும் அளத்தலைத்தான். எனவே சிக்கனமும் விஞ்ஞானமும் ஒன்றுக்கொன்று உறவு என்றே சொல்ல வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்வருகிற அவர், கடுகு டப்பாவில் சேர்த்த சிறுவாட்டுக் காசிலிருந்துதான் என் முதல் பருவக் கட்டணம் கட்டப்பட்டது. வாங்கிய கூலியில் அந்தக் காசு எப்படி மிஞ்சியது? ஒரு மாணவனுக்குரிய ஆர்வத்தோடு ஆராய்ந்ததில் நான் கண்டவற்றை இங்கே தருகிறேன்.

அடுப்பு

வீட்டுக்கு எரிவாயு அடுப்பு வந்த புதிதில், சீக்கிரம் வேகட்டும் என்று நான் தீயைப் பெரிதாக வைப்பேன். அம்மா வந்து குறைப்பார். “கொதிச்ச தண்ணி எம்புட்டுக் கொதிச்சாலும் கொதிச்ச தண்ணிதாண்டா” என்பார். விறகடுப்பில் உலை கொதித்ததும் விறகை வெளியே இழுத்துப் பழகியவர். படிக்காதவர் பேச்சு என்று நான் சிரித்தேன்.

முதலாண்டு வெப்பவியல் வகுப்பில் உள்ளுறை வெப்பம் என்ற பாடம் நடந்தபோது என் சிரிப்பு அடங்கிவிட்டது. ஒரு கிராம் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்க 70 கலோரி போதும். அதே ஒரு கிராமை ஆவியாக்க மேலும் 540 கலோரி வேண்டும். ஏறத்தாழ எட்டு மடங்கு! திறந்த பாத்திரத்தில் வெப்பநிலையோ 100 டிகிரியைத் தாண்டுவதில்லை. ஆகவே கொதி வந்த பிறகும் தீயைப் பெரிதாக எரியவிட்டால் அரிசி விரைந்து வேகாது. ஆவிதான் விரைந்து போகும். ஒரு சிலிண்டரில் இருக்கும் 14.2 கிலோ எரிவாயுவில் ஒரு பங்கை நாம் கூரைக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறோம்.

எனவே கொதி வந்ததும் தீயைக் குறைக்க வேண்டும். பாத்திரத்தை மூட வேண்டும். பருப்பு, பயறுகளை முன்கூட்டியே ஊறவைத்தால் வேகும் நேரம் குறையும். பிரஷர் குக்கரில் நீர் சுமார் 120 டிகிரி வரை சூடாவதால் வேலை இன்னும் சீக்கிரம் முடியும். தீ நீலமாக எரியாமல் மஞ்சளாக எரிந்து பாத்திரத்தில் கரி பிடித்தால், பர்னரின் துளைகள் அடைத்திருக்கலாம். அவற்றைச் சுத்தம் செய்ய வேண்டும்.

பானை

அடுப்பில் நம் காசைத் தின்னும் இதே உள்ளுறை வெப்பம், மண்பானையில் நமக்கு ஊழியம் செய்கிறது. பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது, அதற்கு வேண்டிய வெப்பத்தை உள்ளிருக்கும் நீரிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. கத்திரி வெயிலிலும் பானைத் தண்ணீர் குளிர்ந்திருப்பது இதனால்தான். மதுரைக்கு அருகே மானாமதுரை மண்பாண்டங்களுக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கிருந்து வரும் ஒரு பானை மின்சாரமின்றி ஒரு கோடையைக் கடத்திவிடும். காற்றோட்டமான இடத்தில் மணல் பரப்பி அதன்மேல் வைக்க வேண்டும். அழகுக்காக வண்ணம் பூசினால் துளைகள் அடைபட்டுப் பானை தன் குணத்தை இழந்துவிடும்.

சந்தையும் வெயிலும்

பரவையிலும் மாட்டுத்தாவணியிலும் வரத்து மிகுந்த நாளில் தக்காளியும் மிளகாயும் விலை சரிந்து கிடக்கும். அம்மாவும் பக்கத்து வீட்டு அத்தையும் கூட்டாக வாங்கிப் பங்கிட்டுக்கொள்வார்கள். உப்பிட்டுச் சித்திரை வெயிலில் காயவைத்த வற்றலும் மோர்மிளகாயும், காய்கறி விலை ஏறிய மாதங்களில் கைகொடுக்கும். உப்பு காயிலுள்ள நீரை வெளியே இழுக்கிறது. வெயில் அதை உலர்த்துகிறது. நீரில்லாத இடத்தில் கிருமிகள் பெருகுவதில்லை. இதற்கு ஆகும் எரிபொருள் செலவு சூனியம்.

கரைத்துப் பிழிந்த புளிச் சக்கையையும் அம்மா எறிவதில்லை. சிறிது உப்புச் சேர்த்துத் தேய்த்தால் பித்தளைக் குடம் பளபளக்கும். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் குடத்தின்மேல் படிந்த ஆக்சைடைக் கரைப்பதே காரணம். வடித்த கஞ்சி, சுங்குடிச் சேலைக்கு மொடமொடப்பைத் தருகிறது.

விளக்கு

அம்மாவுக்கு நான் சொல்லிக்கொடுத்ததும் ஒன்று உண்டு. எங்கள் பின்கட்டில் 60 வாட் குண்டு பல்பு எரிந்தது. நாளுக்கு 5 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்தில் 18 யூனிட் ஆகும். 9 வாட் எல்.இ.டி. பல்புக்கு 2.7 யூனிட் போதும். 2016-இல் நம் மாநிலத்தில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணம் நீக்கப்பட்டது. அந்த எல்லையை ஒட்டி வாழும் குடும்பத்துக்கு 15 யூனிட் என்பது சிறிய தொகையன்று.

போலிச் சிக்கனம்

எல்லாச் சிக்கனமும் நல்ல சிக்கனம் அல்ல. பலகாரம் சுட்ட எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சுவது அத்தகையது. காயக் காய எண்ணெய் சிதைந்து உடலுக்குத் தீங்கான பொருள்கள் அதில் சேர்கின்றன. இவ்வாறு உண்டாகும் முனைவுச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது. சிறிய வாணலியில் குறைந்த எண்ணெய் ஊற்றிச் சுடுவதே மெய்யான சிக்கனம்.

இதைவிடப் பெரிய போலிச் சிக்கனம் ஒன்றையும் என் வீட்டிலேயே கண்டேன். சென்ற ஆண்டு பருவத் தேர்வு சமயம். “எனக்குப் பசிக்கல, நீ சாப்பிடுப்பா” என்று அம்மா வழக்கம்போல் சொல்லிவிட்டார். இரவு வெகுநேரம் படித்துவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்தவன், அவர் இருட்டில் நீராகாரத்தை மட்டும் குடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். பானையைத் திறந்தேன். நீரூற்றிய சோறு ஒரு பிடி, காலையில் எனக்கென்று இருந்தது. கடுகு டப்பாவில் விழுந்த காசில் ஒரு பகுதி எங்கிருந்து வந்தது என்பது அன்றுதான் விளங்கியது.

அடுப்பில் மிச்சப்படுத்துவது சிக்கனம்; வயிற்றில் மிச்சப்படுத்துவது கடன். அதை உடம்பு ஒருநாள் வட்டியோடு கேட்கும். இப்போது எங்கள் வீட்டில் ஒரு கணக்கு நோட்டு இருக்கிறது. அம்மா சொல்கிறார், நான் எழுதுகிறேன். உலைக்கு அரிசி அளப்பதும் நான்தான். முதல் பிடி அம்மாவுக்கு.

நண்பர்களே! நம்மில் பலரைப் படிக்க வைப்பது இத்தகைய சிறுவாட்டுக் காசுதான். ஆற்றில் போட்டாலும் அளந்துதான் போட வேண்டும். ஆனால் அளக்கிற கைக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. இன்று வீடு திரும்பியதும், எல்லோரும் உண்ட பிறகு, சோற்றுப் பானையை ஒருமுறை திறந்து பாருங்கள்.