பேரரசர் பாதியில் விட்ட ஊர்

சிரியா 1998-ல் வெளியிட்ட 100 பவுண்டு நோட்டில் ஒரு ரோமானியப் பேரரசரின் தலை அச்சாகியிருக்கிறது. ஒட்ட வெட்டிய முடி, குறுந்தாடி, சுருங்கிய நெற்றி. தங்களை அடக்கி ஆண்ட பேரரசின் தலைவரை யாராவது பணத்தில் போடுவார்களா? போட்டார்கள், அவர் உள்ளூர்க்காரர் என்பதால். முழுப்பெயர் மார்க்கஸ் ஜூலியஸ் ஃபிலிப்பஸ்; வரலாற்று நூல்களில் 'அரேபியர் ஃபிலிப்'. டமாஸ்கஸுக்குத் தெற்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டரில், ஸுவைதா மாகாணத்தில் இருக்கும் ஷஹ்பாதான் அவர் பிறந்த மண். 2004 கணக்கெடுப்பில் பதின்மூவாயிரத்துச் சொச்சம் பேர் வாழ்ந்த சிற்றூர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் துரூஸ் மக்கள்.

ஃபிலிப் அரியணை ஏறிய கதை அவ்வளவு கௌரவமானதல்ல. பாரசீகத்தின் மீது படையெடுத்துப் போன பேரரசர் மூன்றாம் கோர்டியன், 244-ல் போர்க்களப் பயணத்திலேயே இறந்தார். வயது இருபதுக்குள். மெய்க்காவல் படைத் தலைவராக உடனிருந்த ஃபிலிப் அடுத்த பேரரசரானார். கொன்றதே இவர்தான் என்பது ரோமானிய எழுத்தாளர் பலரின் குற்றச்சாட்டு. கோர்டியன் போரில் வீழ்ந்தார் என்கிறது பாரசீக மன்னர் முதலாம் ஷாபூரின் கல்வெட்டு. படைகளை விடுவிக்க ஃபிலிப் 5,00,000 தினார் கொடுத்தார் என்றும் அதே கல்வெட்டு பெருமையோடு பதிவு செய்கிறது. நக்ஷ்-இ ருஸ்தம் பாறைச் சிற்பத்தில் குதிரை மேல் வீற்றிருக்கும் ஷாபூரின் முன் மண்டியிடும் ரோமானியர் இவர்தான் என்பது அறிஞர்களின் பொதுவான கணிப்பு.

இப்படி மண்டியிட்டுப் பணமும் கட்டிவிட்டு வந்தவர், பதவியேற்ற கையோடு பிறந்த கிராமத்தை இடித்துக் கட்டத் தொடங்கினார். புதுப்பெயர் ஃபிலிப்போபோலிஸ், ஃபிலிப்பின் நகரம். கிழக்கு மாகாணங்களை அவருடைய அண்ணன் ப்ரிஸ்கஸ் கவனித்துக்கொண்டார். அவர் வரியைக் கறந்த வேகத்தில் அங்கே கலகமே வெடித்தது. இந்த ஊரை நியாயப்படுத்த வணிகமோ துறைமுகமோ படைப்பாசறையோ எதுவும் கிடையாது. ஒரு மனிதரின் பெயர் ஒன்றே காரணம்.

ஆனால் வேலை சுத்தம். ஏறக்குறைய சதுரமாக ஒரு கோட்டைச் சுவர், பக்கத்துக்கு ஒரு வாயில். வடக்கு-தெற்காக ஒன்றும் கிழக்கு-மேற்காக ஒன்றுமாய் இரு பெருந்தெருக்கள் நடு ஊரில் சந்திக்கும். தெருவில் பாவியிருக்கும் கற்பலகைகள் இன்னும் பல இடங்களில் கிடக்கின்றன; அவற்றின்மேல்தான் இன்றைய போக்குவரத்து. எல்லாமே பசால்ட் என்னும் எரிமலைக் கல். ஊரைச் சுற்றிலும் அணைந்துபோன எரிமலைக் குன்றுகள். வடமேற்கே லஜாத் என்ற பரந்த எரிமலைக் குழம்புக் காடு. வெட்டக் கடினமான அந்தக் கல்லில், சின்ன ஊருக்குப் பொருந்தாத அளவில் குளியல் மண்டபம் கட்டியிருக்கிறார்கள். சுவரை நெருங்கிப் பார்த்தால் வரிசையாகச் சிறு துளைகள் தெரியும். பளிங்குப் பலகைகளை மாட்டிய இடங்கள் அவை. பளிங்கு போய்விட்டது, சுவருக்குள் பதித்த சுடுமண் குழாய்கள் அங்கங்கே மிச்சம். பக்கத்திலுள்ள அரங்கம் ரோமானியர் கிழக்கே கட்டிய கடைசி அரங்கங்களில் ஒன்று. தெற்கேயுள்ள போஸ்ராவின் அரங்கத்தோடு ஒப்பிட்டால் குழந்தை. ஆனால் படிக்கட்டுகளும் வளைவுப் பாதைகளும் பெரும்பாலும் முழுசாகவே நிற்கின்றன.

எனக்கு இந்த ஊரில் மிகவும் சுவையாகப் படுவது அரங்கத்தை ஒட்டி நிற்கும் சதுரமான கோயில்தான். ரோமில் இறந்த பேரரசர்களைத் தெய்வமாக்குவது வழக்கம். ஃபிலிப்போ பேரரசராகவே இருந்திராத தன் தந்தை மரீனஸைத் தெய்வமாக்கினார். கழுகு ஒன்று மரீனஸைச் சுமந்து வானேறுவதுபோல் இங்கே நாணயமும் அடித்தார்கள். 'தெய்வமாகிய மரீனஸுக்கு' என்ற கிரேக்க எழுத்துகளோடு. எங்கிருந்தோ வந்த பாலைவனத்து ஆள் என்று ரோமில் முணுமுணுத்தவர்களுக்குப் பதிலாகவே, தன் குலத்துக்கு ஒரு தெய்வத் தந்தையை அவர் உண்டாக்கிக்கொண்டார் என்று நினைக்கத் தோன்றுகிறது.

248-ல் ரோம் நகரின் ஆயிரமாவது ஆண்டு விழாவைத் தலைநகரில் ஆர்ப்பாட்டமாக நடத்தினார். மறு ஆண்டே டெசியஸ் என்ற தளபதியோடு மோதி உயிரிழந்தார். வாரிசாக அறிவித்திருந்த சிறுவனையும் கொன்றுவிட்டார்கள். ஷஹ்பாவில் கட்டட வேலை அத்தோடு நின்றது. சுவருக்குள் கணிசமான இடம் வீடுகளே எழும்பாமல் கிடந்துபோனது.

பல கட்டுரைகள் ஊரின் கதையை இங்கேயே முடித்துவிடுகின்றன. அது சரியில்லை. ஷஹ்பாவின் புகழ்பெற்ற மொசைக் தரைகள் 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. அதாவது பேரரசர் போய் இரண்டு மூன்று தலைமுறைக்குப் பிறகும், வரவேற்பறைத் தரைக்கு முதல்தரக் கலைஞர்களை வரவழைக்கும் வசதி சிலருக்கு இருந்திருக்கிறது. அப்படியொரு வீட்டின் தரைகளை இடத்தைவிட்டுப் பெயர்க்காமல், அவற்றின் மேலேயே அருங்காட்சியகம் எழுப்பினார்கள். யாழ் மீட்டும் ஆர்ஃபியஸைச் சுற்றி விலங்குகள், அஃப்ரோடைட்டி, ஏரிஸ் ஜோடி, டயோனிஸஸ், அரியாட்னி. இவற்றுக்கெல்லாம் மேலே டெதிஸ். கடல் தேவதை. அகன்ற கண்கள் ஓரமாய்ப் பார்க்க, ஈரக் கூந்தலில் ஒரு நட்சத்திர மீன் ஒட்டியிருக்கிறது. தோளருகே ஒரு கடல் நாகம். கன்னத்தின் நிழலுக்கு மட்டும் எத்தனை நிறச் சில்லுகள்! கடலோரம் எங்கோ இருக்க, ஆயிரம் மீட்டர் உயரத்து எரிமலை மண்ணில் ஒருவர் வீட்டுக்குள் கடலைக் கொண்டுவந்திருக்கிறார்.

அதற்குப் பிறகு நீண்ட சரிவு. மீண்டும் ஆள் நடமாட்டம் பெருகியது துரூஸ் மக்கள் வந்த பிறகுதான். லெபனான் மலையில் 1711-ல் நடந்த ஐன் தாரா போரில் தோற்ற தரப்பின் குடும்பங்கள் இந்தப் பக்கம் நகர்ந்தன. 1860 கலவரத்துக்குப் பின் இன்னும் பலர் வந்தார்கள். வந்தவர்கள் வீடு கட்டச் சிரமப்படவில்லை, வீடுகள் காத்திருந்தன. மரம் அரிதான இந்தப் பகுதியில் பழைய கட்டடக்காரர்கள் கூரையையும் கல்லிலேயே போட்டிருந்தார்கள். அறைக்குக் குறுக்கே வளைவுகளை எழுப்பி, அவற்றின் மேல் நீளக் கற்பலகைகளை நெருக்கிப் பரப்புவார்கள். கதவும் கல்தான். பலகையிலிருந்தே செதுக்கிய குமிழ்கள் மேலும் கீழும் குழியில் பொருந்தி, ஒரு கையால் தள்ளினால் கதவு சுழலும். கதவும் கூரையும் நிற்கும் வீட்டை யார் இடிப்பார்கள்? குடியேறினார்கள். தேவைப்பட்டபோது சுவரிலிருந்து கல்லும் எடுத்தார்கள். அதைக் குறைசொல்லும் தொல்லியல் நூல்கள், மனிதர் குடியிருந்ததால்தான் இவ்வளவாவது நின்றது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

துரூஸ் சமயம் 11-ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில், ஃபாத்திமிய கலீஃபா அல்-ஹாக்கிம் காலத்தில் பிறந்தது. 1043-க்குப் பிறகு புதிதாக யாரையும் சேர்ப்பதில்லை. மறைநூல்களை அறிந்தவர்கள் 'உக்கால்' எனப்படும் சிறு வட்டத்தினர் மட்டுமே. தொழுகைக்கு அலங்காரமற்ற 'கல்வா'. மறுபிறவியில் நம்பிக்கை உண்டு. கிரேக்கத் தெய்வங்கள் மேல் பயமோ பக்தியோ இல்லாமல், வேலைக்காகுமா என்று மட்டும் பார்த்து அவர்கள் அந்தக் கோயில்களின் நடுவே வாழ்ந்தார்கள்.

பின்னாளில் பெட்ராவை ஐரோப்பாவுக்கு அறிமுகப்படுத்திய பர்க்ஹார்ட் 1810-ல் இங்கே வந்து குறிப்பெழுதினார். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் பட்லர் குழு அளந்து வரைபடம் போட்டது.

1925-ல் சுல்தான் அல்-அத்ரஷ் தலைமையில் பிரெஞ்சு ஆட்சிக்கு எதிரான சிரியப் பெருங்கிளர்ச்சி மூண்டது இதே மலைநாட்டில். 2018 ஜூலையில் ஐ.எஸ். தாக்குதலில் ஸுவைதா மாகாணத்தில் 200-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 2023 ஆகஸ்டிலிருந்து அசாத் ஆட்சிக்கு எதிராகத் தெருவில் இறங்கியவர்களும் இம்மக்களே. 2025 ஜூலையில் துரூஸ், பெதுயின் குழுக்களிடையே தொடங்கிய மோதலில் அரசுப் படைகளும் நுழைந்தன; நூற்றுக்கணக்கில் உயிர்கள் போயின, கிராமங்கள் எரிந்தன. துரூஸ், பெதுயின் இரு தரப்பிலும் ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தார்கள். டமாஸ்கஸ் சாலை வாரக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தது. சிரியாவின் மற்றப் பகுதிகளோடு ஷஹ்பாவை இணைக்கும் முக்கியச் சாலை அது.