மரம் ஏறும் கருவி வாங்கப் போறீங்களா? பெல்ட்டையும் கயிற்றையும் முதலில் பாருங்க



1989-ல் நம் தருமபுரி மாவட்டத்தில் மகளிர் குழுக்கள் தொடங்கிய காலத்தில் கடன் என்றால் கறவை மாடு, ஆடு, தையல் மிஷின் என்றுதான் தீர்மானம் எழுதினார்கள். இப்போது நாங்கள் கூட்டத்துக்கு வரும்போது, "தென்னை மரம் ஏறுற மிஷினுக்கு லோன் கிடைக்குமா மேடம்?" என்று கேட்கிறீர்கள். கேட்பது நியாயம்தான். மரம் ஏறிக்கொண்டிருந்த மாமாக்களுக்கு வயசாகிவிட்டது. பிள்ளைகள் ஓசூர், பெங்களூர் என்று கம்பெனிக்குப் போய்விட்டார்கள். ஆள் கிடைத்தாலும் அவர் சொல்கிற நாளில், அவர் கேட்கிற கூலிக்குத்தான் காய் இறங்கும்.

கருவி நல்ல கருவிதான், பெண்களும் ஏறலாம். ஆனால் எங்களிடம் வரும் கடன் மனுக்களில் கருவி விலை இருக்கிறது, வண்டி வாடகைகூட இருக்கிறது, பாதுகாப்பு பெல்ட் இருப்பதில்லை. கருவி நம்மை மேலே கொண்டு போகும், அவ்வளவுதான். கை நழுவினால், கால் வழுக்கினால் பிடித்து நிறுத்துவது பெல்ட்டும் கயிறும்தான்.

கருவியில் இரண்டு வகை அதிகம் புழக்கத்தில் இருக்கிறது. ஒன்று நின்றுகொண்டே ஏறுவது. கேரளாவில் கண்ணூர் மாவட்டம் செம்பேரியைச் சேர்ந்த ஒரு விவசாயி உருவாக்கியது, அதனால் செம்பேரி மாடல் என்பார்கள். வலது காலுக்கு ஒரு பாகம், இடது காலுக்கு ஒரு பாகம். இரண்டிலும் கைப்பிடி, கால் வைக்கும் மிதி, மரத்தைச் சுற்றும் இரும்புக் கம்பிக் கயிறு இருக்கும். மாடிப்படி ஏறுவது போல ஒரு காலைத் தூக்கி, மறு காலை ஊன்றி ஏற வேண்டும். இன்னொன்று உட்கார்ந்து ஏறுவது. மேல் சட்டத்தில் சீட் இருக்கும். கீழ்ச் சட்டத்தில் நின்றுகொண்டு மேல் சட்டத்தைக் கையால் தூக்கி, பிறகு சீட்டில் உட்கார்ந்து கீழ்ச் சட்டத்தைக் காலால் இழுத்து ஏறுவது. கனம் கூடுதல், வேகம் குறைவு. ஆனால் புதிதாகப் பழகுபவர்களுக்குப் பயம் குறைவாக இருக்கும். மேலே போய் உட்கார்ந்து மூச்சு வாங்கலாம்.

இரண்டுமே வழுக்காமல் நிற்பது நம் எடையால்தான். மிதியில் எடை விழும்போது சட்டம் சாய்ந்து கம்பிக் கயிறு மரத்தை இறுக்கும். எடையை எடுத்தால் தளரும், அப்போது மேலே நகர்த்தலாம். இது புரிந்துவிட்டால், ஏன் ஈர மரத்தில் ஏறக்கூடாது, ஏன் ரப்பர் தேய்ந்த கருவியைத் தொடக்கூடாது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மாட்டுவதற்கு முன்னால் கம்பிக் கயிற்றை ஒரு பழைய துணியால் முழு நீளமும் துடையுங்கள். துணி எங்காவது சிக்கினால் அங்கே இழை அறுந்திருக்கிறது என்று அர்த்தம். வெறும் கையால் தடவாதீர்கள், பிசிறு குத்தும். இழை அறுந்த கயிற்றை மாற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும். தென்னை அடியில் பருத்து மேலே போகப் போக மெலியும். அதனால் அடித்தூருக்கு மேலே, மரம் சீராகும் இடத்தில் அளவு வைத்துக் கயிற்றைப் பூட்டுங்கள். தளர்வாகப் பூட்டினால் உச்சியில் சட்டம் மிகவும் சாய்ந்துவிடும். பூட்டியதும் தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் ஏறி நின்று நாலைந்து தடவை அழுத்திப் பாருங்கள். அங்கே வழுக்கினால் சிரித்துவிட்டு இறங்கிவிடலாம்.

இப்போது பெல்ட். கடையில் இடுப்பு பெல்ட் மலிவாகக் கிடைக்கும், அதை வாங்க வேண்டாம். விழும்போது முழு எடையும் வயிற்றில் விழும். உடம்பு இரண்டாக மடங்கும், சிலருக்குத் தலைகீழாக நழுவிவிடும். தோள், மார்பு, இரண்டு தொடை எல்லாம் சேர்த்துப் பிடிக்கும் முழு உடல் பெல்ட்தான் வேண்டும். அதில் ஐ.எஸ். 3521 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஹெல்மெட்டுக்கு ஐ.எஸ். 2925. கொக்கி தானாகப் பூட்டிக்கொள்வதாக அல்லது திருகிப் பூட்டுவதாக இருக்க வேண்டும். கொக்கியின் முதுகில் ஒரு எண்ணும் கி.நி. என்ற அளவும் ஆங்கில எழுத்தில் பொறித்திருக்கும். 1 என்றால் ஏறத்தாழ 100 கிலோ எடை தாங்கும் என்று கணக்கு. 20-க்குக் குறைந்தால் வேண்டாம். அவ்வளவு எதற்கு, நாம் 55 கிலோதானே என்று ஒரு அக்கா கேட்டார். சும்மா தொங்கினால் 55 கிலோதான். நாலடி விழுந்து சட்டென்று நின்றால் கயிறு வாங்கும் இழுப்பு பல மடங்கு.

பெல்ட்டை வாங்கும் இடத்திலேயே போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஆண்கள் உடம்புக்குத் தைத்தது. குழுவில் ஒல்லியாக இருப்பவருக்கும் இறுக்க முடிகிறதா? பட்டைக்கும் தொடைக்கும் நடுவே விரித்த கை போக வேண்டும், மூடிய கை போகக்கூடாது. அதுதான் சரியான இறுக்கம். சேலை மேல் தொடைப்பட்டை நிற்காது, சுருண்டு வழுக்கும். சுடிதார் பேன்ட்டோ, வீட்டில் இருக்கும் ஆண்கள் பேன்ட்டோ போட்டு, மேலே முழுக்கைச் சட்டை போடுங்கள். ஊர் நாலு நாள் பேசும், பிறகு காய் பறிக்க நம்மைத்தான் கூப்பிடும். தாலிக்கயிறு சட்டைக்குள் இருக்கட்டும். முடியை இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள்.

பெல்ட்டிலிருந்து மரத்தைச் சுற்றி வரும் கயிற்றைத் தரையிலேயே மாட்ட வேண்டும், தரைக்கு வந்த பிறகுதான் கழற்ற வேண்டும். ஏறும்போது அதையும் கூடவே மேலே தள்ளிக்கொண்டு போங்கள். இடுப்புக்குக் கீழே தொங்கவிட்டால் விழும் தூரம் கூடும். மட்டையில் மாட்டாதீர்கள், பழுத்த மட்டை கையோடு வந்துவிடும். கவனம் வேண்டிய இன்னொரு இடம் அரிவாள். பாளை கழிக்கும்போதும் குலை வெட்டும்போதும் வீச்சு தன் கயிற்றின் மேலேயே படுவதுண்டு. அதனால் உள்ளே இரும்புக் கம்பி வைத்த மரம் சுற்றும் கயிறு கிடைத்தால் அதையே வாங்குங்கள். கதண்டு கூடு, பாம்பு இருக்கிறதா என்று கீழே நின்றே பார்த்துவிடுங்கள்.

கிணற்றுக் கயிறு, மாட்டுக் கயிறு, சந்தையில் விற்கும் நீல, மஞ்சள் பிளாஸ்டிக் கயிறு எதுவும் இதற்கு உதவாது. பிளாஸ்டிக் கயிறு வெயிலில் உளுத்துப்போகும், உரசினால் சூட்டில் உருகும். நைலானில் நெய்து மேலே உறை போட்ட, 11 முதல் 13 மில்லிமீட்டர் கனமுள்ள கயிறுதான் மர வேலைக்கு. யூரியா மூட்டை, பேட்டரி, எலி மூன்றுக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். ஒரு தடவை ஆளைத் தாங்கிய கயிறும் பெல்ட்டும் பார்க்கப் புதுசு போலவே இருக்கும். இருந்தாலும் அத்தோடு சரி. பழையது மலிவாக வருகிறது என்று வாங்காததற்கும் காரணம் இதுதான். அதன் கதை நமக்குத் தெரியாது.

புளியமரம் பற்றியும் சொல்ல வேண்டும். நம்ம பக்கம் தை மாசத்தில் தொடங்கி சித்திரை வரை புளி வேலை. பலர் ஏலம் எடுக்கிறீர்கள். இந்தக் கருவி புளியமரத்துக்கு ஆகாது. தூர் பெரிது, கிளை குறுக்கே வரும். அங்கே முழு உடல் பெல்ட்டோடு கயிறு மட்டுமே துணை. தொடை கனத்துக்குக் குறையாத, பச்சையாக இருக்கும் கிளையில், அடிமரத்தை ஒட்டிய கவையில் கயிற்றைப் போட்டு, ஏறும் முன் இரண்டு பேர் சேர்ந்து தொங்கிப் பார்க்க வேண்டும். முடிச்சும், கீழே நின்று கயிற்றைப் பிடிக்கும் முறையும் நேரில் கற்க வேண்டியவை, எழுத்தில் படித்துவிட்டுச் செய்ய வேண்டாம். கற்றவர் இல்லாவிட்டால் தொரட்டியால் எட்டியது மட்டும் போதும். மின்கம்பி பக்கத்தில் போகும் மரத்தில் ஏறவும் வேண்டாம், தொரட்டி நீட்டவும் வேண்டாம். இரும்பு, அலுமினியத் தொரட்டி எமன்.

தனியாக யாரும் ஏறக்கூடாது. பெல்ட்டில் தொங்கிவிட்டால் காப்பாற்றியாயிற்று என்று நினைக்கிறோம். அசையாமல் தொங்கினால் தொடைப்பட்டை ரத்தத்தைக் காலிலேயே நிறுத்தி, சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம். கால்களை ஆட்டச் சொல்லுங்கள், சீக்கிரம் இறக்குங்கள். தரையில் விழுந்தவரைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள், முதுகெலும்பு உடைந்திருக்கலாம். தண்ணீர் புகட்டாமல் 108-க்குப் போன் செய்யுங்கள்.

பயிற்சி இல்லாமல் கருவிக்குக் கடன் பரிந்துரைக்க மாட்டோம். தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ல் 'தென்னை மரங்களின் நண்பர்கள்' என்ற பயிற்சியைத் தொடங்கியது. வாரியத்துக்குக் கேர சுரக்ஷா என்ற விபத்துக் காப்பீடும் இருக்கிறது. அடுத்த பயிற்சி எப்போது, எங்கே என்பதைப் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள். அதோடு, வங்கிக் கணக்கு வைத்திருக்கும் 18 முதல் 70 வயது வரை உள்ளவர்கள் வருடம் 20 ரூபாயில் பிரதமர் சுரக்ஷா பீமா யோஜனாவில் சேரலாம். விபத்தில் இறந்தாலோ முழு ஊனமானாலோ 2 லட்சம். மரத்திலிருந்து விழுந்ததற்கும் உண்டு, ஆனால் உடனே ஆஸ்பத்திரியில் காட்டிய சீட்டு வேண்டும். கட்டுப்போடும் வைத்தியரிடம் மட்டும் போனால் கிளைம் செய்யும்போது கையில் காகிதம் இருக்காது. மரம் ஏறுபவர் நம் குழுவில் இல்லாமல் கூலிக்கு வந்தவராக இருந்தாலும், அவர் பெயரில் இந்த 20 ரூபாய் பிடித்திருக்கிறதா என்று ஏலம் எடுத்தவர் கேட்டுக்கொள்வது நல்லது.

கடன் மனுவில் கருவி, பெல்ட், மரம் சுற்றும் கயிறு, ஹெல்மெட் நான்கும் ஒரே கொட்டேஷனில் இருக்கட்டும். வாங்கிய தேதி, யார் எப்போது எடுத்தார், துணி வைத்துத் துடைத்தாரா என்று எழுத ஒரு நாற்பது பக்க நோட்டும் கூடவே வாங்கிவிடுங்கள்.