கூடம் கோணலா?

‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்பது பழமொழி. பள்ளியில் படித்தபோது யாரோ ஒருத்தியைப் பற்றியது என்று எண்ணிச் சிரித்தேன். அது என்னையும் பற்றியது என்பது, கல்லூரியில் படித்துக்கொண்டே ஆயுள் காப்பீட்டு முகவரான பிறகுதான் விளங்கிற்று.

முகவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. விற்றதற்கு ஏற்ற கமிஷன்தான். ஆகவே விற்பனை குறைந்தால் காரணம் தேடுவது இயல்பு. “மழையில்லை, மக்கள் கையில் காசில்லை” என்பார் ஒருவர். “2000-ஆம் ஆண்டில் தனியார் நிறுவனங்கள் வந்ததிலிருந்து போட்டி பெருகிவிட்டது” என்பார் மற்றொருவர். இரண்டும் பொய்யல்ல. ஆனால் மழையை வரவழைக்க நம்மால் ஆகாது. நாளை எத்தனை வீட்டுப் படி ஏறுவது என்பது நம் கையில் இருக்கிறது.

அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டக்காரராக இருந்து, பின் காப்பீட்டு முகவரானவர் ஃபிராங்க் பெட்கர். தொழிலில் தளர்ந்தபோது அவர் தம் குறிப்பேட்டைப் புரட்டிக் கணக்கிட்டார். விற்பனையில் 70 விழுக்காடு முதற் சந்திப்பிலும், 23 விழுக்காடு இரண்டாவதிலும், 7 விழுக்காடு மட்டுமே அதன் பிறகும் முடிந்திருந்தன. அந்த ஏழுக்காகத் தம் நேரத்தில் பாதியைச் செலவிட்டிருந்தார்! குறை ஊரில் இல்லை, தம் முறையில் என்று கண்டு திருத்திக்கொண்டார்.

எனினும், விற்பனையின் ‘பலன்’ என்பது எது? விற்ற அன்றைய கையெழுத்தா? காப்பீட்டுத் துறை 13, 25, 37, 49, 61-ஆம் மாதங்களில் எத்தனை பாலிசிகள் உயிரோடு இருக்கின்றன என்றும் கணக்கெடுக்கிறது. அந்தப் பதின்மூன்றாம் மாதத்தில்தான் நான் தோற்றேன்.

எங்கள் தெருவில் தையற்கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர். ஆண்டுக்கு 18,000 ரூபாய் தவணை அவருக்குத் தாங்காது என்பதை அவர் முகமே சொல்லிற்று. என் மாத இலக்கு முடியவேண்டுமே என்று பேசிப் பேசி இணங்க வைத்தேன். அப்போது அவர் கையில் சீட்டுப் பணம் இருந்தது. மறு ஆண்டு தவணை நாள் வந்தது. சலுகை நாட்கள் 30-ம் கடந்தன. பாலிசி காலாவதியாயிற்று.

“அவருக்குச் சேமிக்கும் பழக்கமே இல்லை, சார்” என்றேன் வளர்ச்சி அதிகாரியிடம். அவர் கேட்டார்: “தொகையை முடிவு செய்தது யார்? தவணை எந்த மாதத்தில் வருகிறது என்று பார்த்தாயா? ஒரு முறையாவது நினைவூட்டினாயா?”

அது ஆடி மாதம். கல்யாணமில்லாத மாதத்தில் தையற்காரருக்கு ஏது வருமானம்?

நேரில் போய் நின்றேன். “நீ கேட்டப்போ இல்லேன்னு சொல்ல மனசு வரலே, தம்பி” என்றார் அண்ணன். உள்ளே அவருடைய இரு பெண் குழந்தைகள் படித்துக்கொண்டிருந்தனர். அந்த நாட்களில் அவருக்கு ஏதேனும் நேர்ந்திருந்தால் அக்குழந்தைகளுக்குக் காப்புத் தொகை கிடைத்திராது. என்னால் தலை நிமிர முடியவில்லை.

நல்லவேளையாக, கட்டத் தவறிய முதல் தவணை நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் பாலிசியைப் புதுப்பிக்க வழியுண்டு. “வட்டியை நானே தந்துவிடுகிறேன், சார்” என்றேன். அதிகாரி தடுத்தார். பாலிசியைத் தொடர வைப்பதற்காக முகவர் பணச் சலுகை தருவதை 1938-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு தடை செய்கிறது. பணம் கொடுத்துப் பொறுப்பைத் தீர்த்துவிட முடியாது. உழைத்துத்தான் தீர்க்க வேண்டும் என்று அன்று உணர்ந்தேன். தீபாவளித் தையற்கூலி வந்ததும் அவர் வட்டியோடு கட்டினார். பின்னர் காலாண்டுத் தவணையாக மாற்றினோம். அத்தொகை இன்றும் அவருக்குச் சுமைதான். அது நான் ஏற்றிய சுமை.

நண்பர்களே! இப்போது என் குறிப்பேட்டில் ஒவ்வொருவர் பெயருக்கு எதிரிலும், அவருக்குக் கை வறளும் மாதத்தை முதலில் எழுதுகிறேன். தவணைத் தொகையை அதன் பிறகே பேசுகிறேன். விற்பனை முன்னைவிடச் சற்றுக் குறைவுதான். ஆனால் கூடம் கோணல் என்று நான் சொல்வதில்லை.