'குட்டி இளவரசன்' எழுதியவரைச் சுட்டு வீழ்த்தியது யார்? விடை தேடவைக்கும் ஜெர்மன் போர் ஆவணங்கள்!

1944 ஜூலை 31. மத்தியதரைக் கடலின் கோர்சிகா தீவிலிருந்து ஒரு விமானம் கிளம்பியது. துப்பாக்கிகளுக்குப் பதில் கேமராக்கள் பொருத்தப்பட்ட 'பி-38' ரக உளவு விமானம் அது. ஜெர்மனியின் பிடியில் இருந்த தெற்கு பிரான்ஸை வானிலிருந்து படம்பிடித்து வருவதுதான் வேலை. விமானம் திரும்பவே இல்லை.

அதை ஓட்டிச் சென்றவர், அந்த்வான் து செந்த்-எக்சுபெரி. தமிழ் உட்பட உலக மொழிகள் பலவற்றில் வாசிக்கப்படும் 'குட்டி இளவரசன்' கதையை எழுதியவர். அப்போது அவருக்கு வயது 44.

1998-ல் பிரான்ஸின் மார்செய் நகருக்கு அருகே மீனவர் ஒருவரின் வலையில் வெள்ளிக் கைச்சங்கிலி ஒன்று சிக்கியது. அதில் எக்சுபெரியின் பெயரும், அவர் மனைவி கான்சுவெலோவின் பெயரும் பொறிக்கப்பட்டிருந்தன. அந்தக் கடற்பகுதியில் கிடந்த விமானப் பாகங்கள் 2003-ல் மேலே எடுக்கப்பட்டன. ஒரு பாகத்தில் இருந்த எண்ணை வைத்து, அது எக்சுபெரியின் விமானம்தான் என்று 2004-ல் உறுதியானது. எங்கே விழுந்தார் என்பது தெரிந்துவிட்டது. ஏன் விழுந்தார்?

"நான்தான் சுட்டேன்!"

2008-ல் ஹார்ஸ்ட் ரிப்பர்ட் என்ற முன்னாள் ஜெர்மன் போர் விமானி வாய் திறந்தார். அன்று அந்தப் பகுதியில் ஒரு பி-38 விமானத்தைத் தான் சுட்டு வீழ்த்தியதாகச் சொன்னார். தானே எக்சுபெரியின் வாசகர் என்றும், உள்ளே இருப்பது அவர் என்று தெரிந்திருந்தால் சுட்டிருக்க மாட்டேன் என்றும் வருந்தினார். உலகமெங்கும் தலைப்புச் செய்தியானது இது.

ஆனால், விமானப்போர் வரலாற்று ஆய்வாளர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்... "ஆவணம் எங்கே?"

சாட்சி இல்லையா? கணக்கில் வராது!

ஜெர்மன் விமானப்படையான லுஃப்ட்வாஃபேயில், எதிரி விமானத்தை வீழ்த்தியதாக வாயால் சொன்னால் மட்டும் போதாது. தரையிறங்கியதும் அறிக்கை எழுத வேண்டும். எத்தனை மணிக்கு, வரைபடத்தில் எந்தக் கட்டத்தில், எவ்வளவு உயரத்தில், என்ன ரக விமானம், யார் சாட்சி என எல்லாவற்றையும் அதில் குறிப்பிட வேண்டும். அந்த அறிக்கை படைப்பிரிவு வழியாக மேலே ஏறி, பெர்லினில் உள்ள விமானத்துறை அமைச்சகம் வரை போகும். ஒப்புதல் வர மாதக்கணக்கில் ஆகும்.

இத்தனை காகிதங்கள் இருந்தும் இன்று ஏன் இவ்வளவு குழப்பம்?

1945-ல் தோல்வி நெருங்கியபோது, எதிரியின் கையில் சிக்கிவிடக் கூடாது என்று லுஃப்ட்வாஃபே தன் ஆவணங்களில் பெரும்பகுதியைத் தானே அழித்துவிட்டது. தப்பியவற்றை நேச நாடுகள் கைப்பற்றின. அவற்றில் பல பின்னர் ஜெர்மனிக்குத் திரும்பி, ஃப்ரைபர்க் நகரில் உள்ள ராணுவ ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 'வீழ்த்தினேன்' என்று விமானிகள் கோரியவற்றின் பட்டியல்கள் மைக்ரோஃபிலிமாக மிஞ்சியுள்ளன. டோனி உட் என்ற ஆய்வாளர் அவற்றை வரிவரியாகப் படித்துத் தொகுத்தார். ஜெர்மனி இழந்த விமானங்களின் பதிவேடும் ஓரளவு தப்பியது. ஆனால், எக்சுபெரி மறைந்த 1944-ம் ஆண்டுக்கான பகுதி பெருமளவில் காணவில்லை.

மிஞ்சியிருக்கும் ஆவணங்களில் ரிப்பர்ட் சொன்னதை உறுதிசெய்யும் வரி எதுவும் கிடைக்கவில்லை. ஜெர்மன் விமானிகளின் வானொலிப் பேச்சை நேச நாடுகள் ஒட்டுக்கேட்டுக் குறித்துவைத்த பதிவுகளிலும் இல்லை. மீட்கப்பட்ட பாகங்களில் குண்டு துளைத்த தடயமும் இல்லை. அதேசமயம், மீட்கப்பட்டது விமானத்தின் சிறு பகுதிதான். அழிந்துபோன ஆவணங்களில் என்ன இருந்தது என்பதும் யாருக்கும் தெரியாது. அதனால் ரிப்பர்ட் சொன்னது பொய் என்று நிரூபிக்கவும் வழியில்லை. அவரும் 2013-ல் காலமாகிவிட்டார்.

185 அல்ல, சுமார் 60!

ஒரு முதியவரின் வாக்குமூலத்தை அப்படியே ஏற்க ஆய்வாளர்கள் ஏன் தயங்குகிறார்கள்? ஏனென்றால், போர்க்கால எண்ணிக்கைகள் எவ்வளவு ஏமாற்றும் என்பதை அவர்கள் நன்கு அறிவார்கள்.

1940 செப்டம்பர் 15 அன்று 185 ஜெர்மன் விமானங்களை வீழ்த்தியதாக பிரிட்டன் அறிவித்தது. போர் முடிந்து ஜெர்மன் இழப்புப் பதிவேட்டைப் புரட்டினால், அன்று வீழ்ந்தவை சுமார் 60 மட்டுமே! எதிர்த்தரப்பும் சளைத்ததல்ல. அந்த ஆண்டு ஜூலை முதல் அக்டோபர் வரை நடந்த பிரிட்டன் வான்போரில் ஜெர்மன் தரப்பு கோரியது 3,058 விமானங்கள். பிரிட்டன் போர்விமானப் பிரிவு உண்மையில் இழந்தது 915.

இவை எல்லாமே திட்டமிட்ட பொய்கள் அல்ல. மணிக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில், சில விநாடிகளில் முடிந்துவிடும் சண்டை அது. ஒரே விமானத்தை மூன்று பேர் சுட்டிருப்பார்கள். மூவரும் தன் கணக்கில் எழுதுவார்கள். புகை கக்கியபடி மேகத்துக்குள் மறைந்த விமானம், பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்திருக்கும்.

352 என்ற எண்

உலகிலேயே அதிக விமானங்களை வீழ்த்தியவராகச் சொல்லப்படுபவர் ஜெர்மனியின் எரிக் ஹார்ட்மேன். எண்ணிக்கை 352. இப்படிப்பட்ட விமானிகளை நாஜி அரசு பிரசார நாயகர்களாக்கியது. பத்திரிகைகளில் படம், ஹிட்லர் கையால் பதக்கம் எனக் கொண்டாடியது. சோவியத் யூனியன் சிதறியபின் ரஷ்ய ஆவணங்கள் மெல்ல மெல்லத் திறக்க, இரு தரப்புப் பதிவுகளையும் தேதிவாரியாகப் பக்கத்தில் வைத்துச் சரிபார்க்கும் வேலை தொடங்கியது. அந்த 352-ல் எத்தனை நிஜம் என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை.

இந்தத் தேடல் வெறும் எண்ணிக்கைக்கானது அல்ல. ஒரு பக்கத்தில் 'வெற்றி' என்று எழுதப்பட்ட ஒவ்வொரு வரிக்கும் மறுபக்கத்தில், 'காணவில்லை' என்ற ஒற்றைச் சொல்லோடு வாழ்ந்த ஒரு குடும்பம் இருக்கலாம். இரண்டு பதிவுகளும் பொருந்தும்போதுதான், தங்கள் வீட்டுப் பிள்ளை எங்கே, எப்படி விழுந்தான் என்பது அவர்களுக்குத் தெரியவருகிறது.

அந்த விமானிகள் தாங்கள் பறந்த ஒவ்வொரு முறையையும் எழுதிவைத்த பயணக் குறிப்பேடுகள் இன்னும் சில குடும்பங்களிடம் இருக்கின்றன. சில ஏலத்துக்கும் வருகின்றன. பழைய நோட்டுதானே என்று தூக்கிப் போடப்படும் ஒன்றில்கூட, எங்கோ ஒரு குடும்பம் 80 ஆண்டுகளாகத் தேடும் பதில் இருக்கக்கூடும்!