கடை வளரும்போது கைவிடலாமா?

ஓக்லாந்து மாநகரின் எல்லர்ஸ்லியில், ரயில் நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தூரத்தில் ஒரு சிறு கடைத்தெரு உண்டு. அங்கு செல்லும்போதெல்லாம் எமக்கு ஊர்ச்சந்தியின் நினைவு வரும். எம்மவர் பலசரக்குக்குச் சாண்ட்ரிங்ஹாம் வரை போவதே வழக்கம். எனினும் எல்லர்ஸ்லி போன்ற இடங்களில் எமது உணவுப் பொருட்களுக்கென ஒரு சிறு கடை தலைதூக்கினால், அதற்கு நாம் என்ன செய்கிறோம் என்பதே இன்றைய கேள்வி.

எதிரே நிற்பவை இரண்டு பெரும் நிறுவனங்கள். நியூசிலாந்தின் வணிக ஆணைக்குழு 2022 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை, ஃபூட்ஸ்டஃப்ஸ், வூல்வேர்த்ஸ் ஆகியவை நாளொன்றுக்குப் பத்து இலட்சம் டொலருக்கு மேல் மிகை இலாபம் ஈட்டுவதாகக் கணித்தது. 2023இல் பலசரக்குத் துறையில் போட்டியை வளர்ப்பதற்கெனச் சட்டமும் நிறைவேறியது. ஆயினும் சட்டம் மட்டும் சிறு கடையைக் காப்பாற்றிவிடாது.

சிறு கடைக்கு ஆபத்து அது தொடங்கும் நாளில் வருவதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது வளரும் நாளிலேயே வருகிறது. வீட்டில் வறுத்து இடித்த மிளகாய்த்தூளை நண்பருக்குக் கொடுத்தவர் அதை விற்க முற்பட்டால், 2014ஆம் ஆண்டின் உணவுச் சட்டத்தின்படி பதிவு செய்ய வேண்டும். பரிசோதனைக்கும் கட்டணம் கட்ட வேண்டும். இடம் பெருத்தால் வாடகையும் பெருக்கும். விலை சற்றே ஏறும். அப்போதுதான் நாம், "அவர் இப்போது முதலாளி ஆகிவிட்டார்" என்று கூறிப் பேரங்காடிப் பக்கம் திரும்புகிறோம்.

நாமும் குற்றமற்றவரல்லர். முதன்முதல் தஞ்சமடைந்த நகரில் எமக்குக் கடனுக்கு அரிசி தந்தார் ஒரு கடைக்காரர். வேலை கிடைத்ததும் மலிவு தேடி வேறிடம் போனோம். கடன் கொப்பியில் எமது பெயருக்கு எதிரே மீதி நின்றது. அதைக் கொடுக்கச் சென்ற நாளில் கதவு பூட்டியிருந்தது.

1950களில் கென்யாவிலிருந்து லண்டன் வந்த பதக் குடும்பம், வீட்டுச் சமையலறையில் சமோசா செய்து விற்றே பிழைக்கத் தொடங்கியது. பின்னர் 'பட்டாக்ஸ்' என்ற பெயரில் அவர்களது ஊறுகாயும் மசாலாவும் பிரித்தானியா எங்கும் பரவின. வாங்குவோர் தொடர்ந்து வந்திராவிடில் அந்த வளர்ச்சி ஏது?

நாம் வாசகரிடம் வேண்டுவது தர்மம் அன்று. கடனைத் தவணை தவறாது தீருங்கள். கல்யாணத்துக்கும் பொங்கலுக்கும் வேண்டியவற்றை இரு வாரங்கள் முன்னரே சொல்லி வையுங்கள். கடைக்காரர் அளவறிந்து கொள்வனவு செய்வார். பொருளில் குறை கண்டால் அவரிடமே கூறுங்கள். அயலவரையும் அழைத்துச் செல்லுங்கள்.

ஒடியல் மா, குரக்கன் மா என்ற பெயர்களை இங்கு பிறந்த எமது பிள்ளைகள் கற்பது இத்தகைய கடைகளின் தட்டுகளில்தான். கதவு பூட்டிய பின்னர் அங்கு போய் நிற்பதில் பயனில்லை.