நூலகர்களுக்கு ஒரு மணி நேரம்

2006 ஆகஸ்டில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், ஷார்லட் நகரப் பொது நூலகம் தன் ஊழியர்கள் கையில் ஒரு பட்டியலைக் கொடுத்தது. அதில் 23 வேலைகள் இருந்தன. சொந்தமாக ஒரு வலைப்பூ தொடங்குங்கள். ஃபிளிக்கரில் ஒரு படம் ஏற்றுங்கள். உங்கள் வீட்டுப் புத்தகங்களில் சிலவற்றை லைப்ரரிதிங் தளத்தில் பட்டியலிடுங்கள். ஒரு விக்கிப் பக்கத்தில் ஒரு வரி சேருங்கள். யூடியூபில் பிடித்த காணொளி ஒன்றைக் கண்டுபிடியுங்கள். இப்படிச் சின்னச் சின்ன வேலைகள், ஒன்பது வாரங்களுக்கு. வகுப்பறை கிடையாது, ஆசிரியர் கிடையாது, தேர்வும் கிடையாது. குறித்த நாளுக்குள் முடித்தவர்களுக்கு எம்பி3 பிளேயர் பரிசு. பெயர்களைக் குலுக்கிப் போட்டு ஒருவருக்கு மடிக்கணினி.

நூலக உலகத்தில் இந்தத் திட்டத்துக்கு ‘23 திங்ஸ்’ என்று பெயர். இன்றைக்குத் திரும்பிப் பார்த்தால், நூலக ஊழியர்களுக்காகச் செய்யப்பட்ட பயிற்சிகளில் இவ்வளவு எளிமையானதாகவும் இவ்வளவு தூரம் பரவியதாகவும் இன்னொன்றைச் சொல்வது கடினம்.

இதை வடிவமைத்தவர் ஹெலீன் பிளவர்ஸ். அந்த நூலகத்தின் தொழில்நுட்பப் பிரிவுக்குப் பொறுப்பாளர். நூலகத் துறை எழுத்தாளர் ஸ்டீபன் ஏப்ரம் அதே ஆண்டின் தொடக்கத்தில், ஒரு நூலகர் இந்த வருடம் செய்து பார்க்கக்கூடிய 43 காரியங்கள் என்று ஒரு கட்டுரை எழுதியிருந்தார். அதைப் படித்த பிளவர்ஸுக்குப் பொறி தட்டியது. நாற்பத்து மூன்றை இருபத்து மூன்றாகக் குறைத்தார்.

தேவை எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1997 முதல் கேட்ஸ் அறக்கட்டளையின் பணத்தில் அமெரிக்கப் பொது நூலகங்களுக்குக் கணினியும் இணையமும் வந்து சேர்ந்தன. வீட்டில் இணையம் இல்லாதவர்கள் நூலகத்துக்கு வந்தார்கள். 2005 வாக்கில் இணையமே முகம் மாறியது. வெறுமனே படித்துக்கொண்டிருந்தவர்கள் எழுதவும், படம் போடவும், பிறர் எழுதியதைத் திருத்தவும் தொடங்கினார்கள். மைஸ்பேஸ் கணக்கு எப்படித் திறப்பது, பாட்காஸ்ட் என்றால் என்ன என்று வாசகர் வந்து கேட்டால், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குப் பதில் தெரியவில்லை. பல வருடம் அனுபவம் உள்ளவர், எந்தப் புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர், ஒரு பள்ளி மாணவன் முன்னால் விழித்து நிற்க வேண்டியதாயிற்று. ‘கம்ப்யூட்டர் தெரிந்தவர் நாளைக்கு வருவார்’ என்று அனுப்பிவிடுவது எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

அரசாங்கங்கள் இதற்குச் செய்யும் வழக்கமான ஏற்பாடு, பெரிய திட்டம் போட்டுப் பயிற்சி முகாம் நடத்துவது. பிரிட்டன் அப்படித்தான் செய்தது. நூலகங்களை இணையத்தோடு இணைத்த ‘பீப்பிள்ஸ் நெட்வொர்க்’ திட்டத்தில் கணினிக்கும் கட்டமைப்புக்கும் 10 கோடி பவுண்டு போக, ஊழியர் பயிற்சிக்கு மட்டும் 2 கோடி பவுண்டு ஒதுக்கினார்கள். அந்தப் பணம் வீணானது என்று நான் சொல்ல மாட்டேன். மவுஸைத் தொடவே தயங்கிய பலர் அதில் தேறினார்கள். ஆனால் பாடத்திட்டம் போட்டுச் சொல்லித்தரும் பயிற்சிக்கு ஒரு தொல்லை உண்டு. பாடம் அச்சாகி வருவதற்குள் கருவி மாறிவிடும். சான்றிதழ் வாங்கியவர் அடுத்த மாற்றத்துக்கு அடுத்த முகாமை எதிர்பார்த்துக் காத்திருப்பார்.

ஷார்லட்டில் எடுத்த முடிவுகள் வேறு மாதிரியானவை. ஐநூறுக்கும் மேற்பட்ட ஊழியர்களில் யார் வேண்டுமானாலும் சேரலாம்: புத்தகம் அடுக்குபவர், உறுப்பினர் அட்டை எழுதுபவர், கிளை நூலகர், எல்லோரும். தங்கள் வலைப்பூவைப் புனைபெயரில் நடத்தலாம். இந்தச் சலுகை முக்கியமானது என்று நினைக்கிறேன். இருபது வருடம் பணிபுரிந்த ஒருவருக்குத் தெரியாததைத் தெரியாது என்று எழுதவே கூச்சமாக இருக்கும்; மேலதிகாரி படிப்பார் என்ற பயம் வேறு. பெயரை மறைத்துக்கொண்டால் அந்தப் பயம் போய்விடுகிறது. ஒவ்வொரு வேலையையும் முடித்தபின் அதைப் பற்றி நாலு வரி எழுத வேண்டும், அவ்வளவுதான். எது பிடித்தது, எது குழப்பியது, எதற்கு உதவும், எதற்கு உதவாது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துப் பதில் போட்டார். ஒரு கிளையில் இருந்தவருக்கு இன்னொரு கிளைக்காரர் ஆசிரியரானார்.

பட்டியலின் இரண்டாவது வேலை, வாழ்நாள் முழுக்கக் கற்றுக்கொண்டே இருப்பவர்களின் ஏழரைப் பழக்கங்கள் என்ற சிறு பாடத்தைக் கேட்பது. இலக்கோடு தொடங்குவது, கற்பதற்கான பொறுப்பைத் தானே ஏற்றுக்கொள்வது என்று ஏழு பழக்கங்கள் போகும். கடைசி அரைப் பழக்கம், விளையாடுவது. திட்டத்தின் உயிரே அந்த அரையில்தான் இருந்தது. வேலை நேரத்தில், சம்பளம் வாங்கிக்கொண்டு, எதற்கு என்று உடனே பதில் சொல்லத் தேவையில்லாமல், ஒரு கருவியைத் தொட்டுப் பார்க்க அனுமதி.

நம்மவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு சங்கதியும் அதில் உண்டு. பதினெட்டாவது வேலையில் இணையத்திலேயே ஆவணம் எழுதும் கருவி ஒன்றை முயன்று பார்க்கச் சொன்னார்கள். அதற்கு எடுத்துக்கொண்டது ஸோஹோ ரைட்டர். சென்னையில் எழுதப்பட்ட மென்பொருளில் ஷார்லட் நூலகர்கள் தட்டச்சு செய்து பழகினார்கள்.

எல்லா வேலைகளிலும் நூலகர்களை உண்மையில் உலுக்கியிருக்க வேண்டியது குறிச்சொல் போடும் வேலை என்பது என் எண்ணம். நூலகவியல் படித்தவருக்குப் பகுப்பாக்கம் என்பது ஒழுக்கம் போன்றது. ஒரு புத்தகத்துக்கு ஓர் எண், அந்த எண்ணுக்கு அலமாரியில் ஓர் இடம். அதைத் தீர்மானிப்பதற்கு விதிகள் உண்டு, அதற்கென்று படித்தவர்கள் உண்டு. இணையப் பக்கங்களைக் குறித்துவைக்கும் டெலிஷியஸ், படங்கள் ஏற்றும் ஃபிளிக்கர் போன்ற தளங்களிலோ யார் வேண்டுமானாலும் எந்தச் சொல்லையும் ஒட்டலாம். ஒரே படத்துக்கு ஒருவர் ‘ரயில்’ என்பார், ஒருவர் ‘பிரிவு’ என்பார், இன்னொருவர் தன் ஊர்ப் பெயரைப் போடுவார். இது குப்பை என்று ஒரு நூலகர் முதலில் நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

அந்தச் சந்தேகத்துக்கு 2008 ஜனவரியில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் ஒரு பதில் தேடியது. தன் சேகரிப்பிலிருந்து ஏறக்குறைய மூவாயிரம் பழைய புகைப்படங்களை ஃபிளிக்கரில் ஏற்றியது. படத்தில் இருப்பவர் யார், இது எந்தத் தெரு, எந்த விழா என்று பல படங்களுக்கு நூலகத்திடமே சரியான குறிப்பு இல்லை. பொதுமக்களிடம், உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள் என்றது. அந்த ஆண்டு அக்டோபர் வரை ஒரு கோடிக்கும் மேற்பட்ட முறை அந்தப் படங்கள் பார்க்கப்பட்டன. 67,000-க்கு மேல் குறிச்சொற்கள் சேர்ந்தன. பொதுமக்களில் சிலர் பழைய செய்தித்தாள்களைத் தோண்டி ஆள் யார், தேதி என்ன என்று ஆதாரத்தோடு எழுதினார்கள். நூலக ஊழியர்கள் அவற்றைச் சரிபார்த்து, ஐநூறுக்கும் மேற்பட்ட பட்டியல் குறிப்புகளைத் திருத்தி எழுதினார்கள். சரிபார்த்தது நூலகர்கள் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். வாசகருக்குத் தெரிந்ததை வாங்கிக்கொள்ளக் கற்ற நூலகரின் கையில், அவருடைய பழைய படிப்பு இன்னும் அதிகமாகப் பயன்பட்டது.

ஷார்லட்டில் தொடங்கியவர்கள் எல்லோரும் முடிக்கவில்லை. பாதியில் விட்டவர்கள் உண்டு. பிளேயருக்காகவே ஓடி முடித்தவர்களும் இருந்திருப்பார்கள், இருக்கட்டுமே. பிளவர்ஸ் செய்த புத்திசாலித்தனமான காரியம், பாடங்கள் முழுவதையும் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டது. ஆஸ்திரேலியாவில் மெல்போர்னை ஒட்டிய யாரா பிளென்டி நூலகம் அதே 2006-இல் எடுத்துக்கொண்டது. அதற்குத் தலைமை வகித்த கிறிஸ்டின் மெக்கென்சி பிற்பாடு உலக நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பான இஃப்ளாவுக்கே தலைவரானார். நெதர்லாந்தில் டச்சு மொழியிலும், டென்மார்க்கில் டேனிஷ் மொழியிலும் பட்டியல் மறுபிறவி எடுத்தது. மினசோட்டா மாநிலம் முழுவதும் 2008-இல் நடத்தியது. 2010-இல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகர்களும் உட்கார்ந்து செய்தார்கள். இதற்காக யாரும் யாருக்கும் உரிமத்தொகை கட்டவில்லை.

இப்போது அந்த 23-ஐ எடுத்துப் பார்த்தால் வருத்தமாகத்தான் இருக்கும். சொந்தத் தேடுபொறி அமைத்துக்கொள்ள உதவிய ரோலியோ போய்விட்டது. வலைப்பூக்களின் செய்தியோடை படிக்க உதவிய பிளாக்லைன்ஸ் போய்விட்டது. டெலிஷியஸ் கை மாறிக் கை மாறி அடங்கிவிட்டது. செய்தியோடை படிக்க உலகமே நம்பியிருந்த கூகுள் ரீடரை 2013 ஜூலையில் மூடினார்கள். யூடியூபும் விக்கியும் லைப்ரரிதிங்கும் நிற்கின்றன. அப்படியானால் அந்த ஒன்பது வாரம் வீணா? ரோலியோவைத் திறந்து, தடுமாறி, அது எதற்கு என்று கண்டுபிடித்த ஒருவர், அடுத்து வந்த எந்தப் புதுத் தளத்தின் முன்னாலும் பயந்து நிற்க மாட்டார். கருவி செத்தாலும் கை பழகிய தைரியம் அவரிடமே இருக்கிறது. பயிற்சியின் பலனை இந்த இடத்தில்தான் அளக்க வேண்டும்.

அந்தத் தைரியம் இன்று முன்னைவிட அதிகம் தேவைப்படுகிறது. 2025 மே மாதம் சிகாகோ சன்-டைம்ஸ் நாளிதழின் இணைப்பில் கோடைக்காலத்தில் படிக்க வேண்டிய 15 புத்தகங்கள் என்று ஒரு பட்டியல் வந்தது. அதில் பத்துப் புத்தகங்கள் உலகத்திலேயே இல்லை. இசபெல் அயெந்தே போன்ற உண்மையான எழுத்தாளர்களின் பெயரில், செயற்கை நுண்ணறிவு கற்பனை செய்த தலைப்புகள். அந்தப் பட்டியலை நம்பி ஒரு வாசகர் நேரே போவது நூலகத்துக்குத்தான். ‘இல்லை’ என்று சொல்லி அனுப்பினால் போதாது. ஏன் இல்லை, இப்படி ஒரு தலைப்பு எப்படி உருவானது, நிஜமான புத்தகமா என்று எங்கே சரிபார்ப்பது என்று பொறுமையாகச் சொல்ல வேண்டும். சாட்ஜிபிடியிடம் தானே நாலு கேள்வி கேட்டு, அது நம்பிக்கையோடு தவறு சொல்வதைக் கண்ணால் பார்த்திராத நூலகர் இதை விளக்க முடியாது.

விளையாடிக் கற்பது ஏதோ அமெரிக்கச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் மாநிலக் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானபோது அந்த வேலை பிடிக்காமல் வகுப்பறைக்கே திரும்பத் துடித்தவர். பல்கலைக்கழகம் அவரை லண்டனுக்குப் படிக்க அனுப்பியது. அங்கே செல்ஃப்ரிட்ஜஸ் கடையில், துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டி வெவ்வேறு பொம்மை செய்யும் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானை நின்று பார்த்தார். அறிவுத் துறைகளையும் இப்படிப் பூட்டிக் கழற்றலாமே என்று தோன்றியதிலிருந்து பிறந்ததுதான் கோலன் பகுப்புமுறை. 1931-இல் நூலாக வந்த அவருடைய நூலகவியலின் ஐந்து விதிகளில் கடைசி, நூலகம் வளரும் உயிர் என்பது. கட்டடமும் புத்தகமும் மட்டும் வளர்ந்தால் அந்த விதி நிறைவேறாது. உள்ளே பணிபுரிபவரும் வளர வேண்டும்.

சுதந்திர இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் கண்டது 1948-இன் சென்னை மாகாணம். சொத்து வரியோடு நாம் நூலக வரியும் கட்டுகிறோம். கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் என்று கண்ணுக்கு நிறைவான கட்டடங்கள் எழுந்துவிட்டன. ஆனால் ஏதோ ஒரு சிற்றூரில் தனியாளாக உட்கார்ந்திருக்கும் ஊர்ப்புற நூலகரைத்தான் நான் நினைக்கிறேன். அவரே கதவு திறக்கிறார், அவரே பதிவேடு எழுதுகிறார், செய்தித்தாளை அடுக்குவதும் அவரே. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் விண்ணப்பத்தில் சந்தேகம் கேட்பதும் அவரிடம்தான்.

அவருக்காக ஒரு தமிழ்ப் பட்டியல் போடுவது பெரிய வேலை இல்லை. தமிழ்99 விசைப்பலகையில் ஒரு பத்தி தட்டச்சு செய்யுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் உங்கள் மாவட்டத்தைப் பற்றிய பழைய நூல் ஒன்றைத் தேடி எடுங்கள். 1998 பொங்கல் முதல் தன்னார்வலர்கள் உழைத்துச் சேர்த்த மதுரைத் திட்டத்திலிருந்து ஓர் இலக்கியத்தை இறக்கி ஒரு மாணவருக்குக் கொடுங்கள். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் சேர்த்துவைத்திருக்கும் நூலகம் தளத்தைத் திறந்து பாருங்கள். விக்கிமூலத்தில் ஒரு பக்கம் மெய்ப்பு பாருங்கள். உங்கள் ஊர்க் கோயில் குளத்தையோ சந்தையையோ படமெடுத்து விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு செய்தி உண்மையா என்று தேடிக் கண்டுபிடித்து, வாசகர் வட்டக் கூட்டத்தில் சொல்லுங்கள். இதில் எதற்கும் காசு தேவையில்லை. ஒரு கணினி, இணைப்பு, நேரம் போதும்.

மூன்றில் கிடைக்காதது நேரம். சுற்றறிக்கை அனுப்பி, வீட்டுக்குப் போனபின் கற்றுக்கொள்ளுங்கள் என்றால் யாரும் கற்க மாட்டார்கள், கற்கவும் தேவையில்லை. பொது நூலகத் துறையிடம் கேட்பது இவ்வளவுதான்: நூலகர் ஒவ்வொருவருக்கும் வாரத்தில் ஒரு மணி நேரத்தை, பணி நேரத்துக்குள்ளேயே, அறிக்கை கேட்காமல் ஒதுக்குங்கள். தவறு செய்தால் விளக்கம் கேட்காதீர்கள். முடித்தவருக்கு ஒரு சிறு பரிசு கொடுங்கள். வாசகர்களே, உங்கள் ஊர் நூலகர் அந்த ஒரு மணி நேரம் கணினி முன்னால் உட்கார்ந்து யூடியூபோ ஃபிளிக்கரோ பார்த்துக்கொண்டிருந்தால், வேலை செய்யவில்லை என்று புகார் எழுதாதீர்கள். உங்களுக்குத் தெரிந்த ஒன்றை அவருக்குச் சொல்லிக்கொடுங்கள்.